ரோசி டீச்சரும் இருபத்திரண்டு படிகளும்

வீரபாண்டி, திருப்பூர்
16.2.2025, ஞாயிறு

தம்பி கதிர்வேலுவுக்கு, அக்கா செல்லாத்தாள் எழுதுவது.

நலம் விசாரிப்பதற்கு முன்னால் ஒன்றை ஒத்துக்கொண்டுவிடுகிறேன். கொஞ்சம் வெட்கக்கேடுதான். நம் தரணி ஐப்பசியிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலையில் இந்தி டியூஷன் போகிறான் என்று உன்னிடம் சொல்லிவந்தேன். நீயும், "நல்லதுங்க்கா, இந்தி தெரியாம நான் இங்க படற பாட்ட என்ற பையனும் பட வேண்டாம்" என்று சந்தோஷப்பட்டாய். அந்த டீச்சருக்கு நாலு கால். ஒரு வால். பேர் ரோசி. வெள்ளைக் குதிரை.

இப்போது நாற்காலியை விட்டு எழுந்திருப்பாய். உட்கார். தண்ணீர் குடி.

இதைப் போனில் சொன்னால் பாதியிலேயே கட் பண்ணிவிடுவாய். காகிதத்தைக் கட் பண்ண முடியாது. கிழிக்கலாம், ஆனால் என்னதான் எழுதியிருக்கிறாள் என்று முழுக்கப் படித்துவிட்டுத்தான் கிழிப்பாய். உன்னை எனக்குத் தெரியாதா? அதனால்தான் ஐந்தாவதோடு நின்ற கையை வைத்துக்கொண்டு, சைஸ் சார்ட் அட்டையின் பின்பக்கம் எழுதி, நம் கம்பெனியிலிருந்து நீ இருக்கும் லூதியானா பிராஞ்சுக்கு வாராவாரம் போகும் சாம்பிள் துணிப் பார்சலுக்குள் வைக்கிறேன். பார்சல் கட்டுவது நம் செக்கிங் செக்‌ஷன்தான். யாரும் கேட்க மாட்டார்கள்.

நடந்தது இதுதான். ஐப்பசி முகூர்த்தத்தில் பக்கத்துத் தெருக் கல்யாணம். மாப்பிள்ளை ஊர்வலத்துக்குக் குதிரை வந்து நிற்கிறது, மேளம் வந்து நிற்கிறது, மாப்பிள்ளையைக் காணோம். பியூட்டி பார்லரில் இருக்கிறாராம். தரணியால் எவ்வளவு நேரம் நிற்க முடியும்? குறைமாதத்தில் பிறந்த நாளிலிருந்து அந்தக் கால் இரண்டும் இறுகிப்போய், குதிகால் தரையில் படாமல் நுனிக்காலில் நிற்கிற பிள்ளை. என் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தான். குதிரைக்காரர் சகாயராஜ், தூத்துக்குடிப் பக்கத்து ஆள், நம் கம்பெனியில் அயர்ன் மாஸ்டரும் அவர்தான். அவர் பார்த்துவிட்டு, "யக்கா, தம்பி கஷ்டப்படுதே. மாப்பிள்ள வார வரைக்கும் ரோசி மேல ஒக்காரட்டும். பயப்படாதீய, அவ பட்டாசுக்கே அசைய மாட்டா" என்று தூக்கி வைத்துவிட்டார்.

நான் இருபது வருடமாகச் செக்கிங் டேபிளில் நிற்கிறவள். ஒரு பனியனில் ஒரு கண்ணி விட்டிருந்தாலும் என் கண்ணுக்குத் தப்பாது. அன்று என்ன கண்டேன் தெரியுமா? கத்திரிக்கோல் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும் அந்தக் கால்கள், பத்தே நிமிடத்தில் ரோசியின் இரண்டு பக்கமும் தளர்ந்து தொங்கின. இறக்கிவிட்டபோது கொஞ்ச நேரம், எண்ணி நாலு மூச்சு நேரம், குதிகாலை ஊன்றி நின்றான்.

மறுநாள் பிசியோ விஜயராணியிடம் கேட்டேன். "ஏனுங்கம்மா, குதிரை மேல ஒக்கார வெச்சா கால் எளகுமுங்களா? சிரிக்கக் கூடாதுங்க." அந்தப் பெண் சிரிக்கவில்லை. குதிரையின் உடம்புச் சூடு இறுகிய தசையைத் தளர்த்துமாம். குதிரை நடக்கிறபோது மேலே இருக்கிறவர் இடுப்பு, நாம் நடந்தால் எப்படி அசையுமோ அப்படியே அசையுமாம். விழாமல் இருக்க முதுகும் வயிறும் தானாக வேலை செய்யுமாம். வெளியூர்களில் இதற்கென்றே இடம் வைத்திருக்கிறார்களாம். ஆனால் சும்மா விடவில்லை. முதலில் எலும்பு டாக்டரிடம் இடுப்பு எக்ஸ்ரே எடுக்கச் சொன்னாள். பிறகு தலைக்கு ஹெல்மெட், இரண்டு பக்கமும் இரண்டு பெரிய ஆள், முன்னால் கயிற்றைப் பிடிக்க ஒருத்தர், கால் மணி நேரத்துக்கு மேல் கூடாது, அவளும் கூட இருப்பாள். எல்லாம் செய்தோம். சேணம் வேண்டாம், மெத்தை போதும் என்றாள். ரிப் துணி வெட்டின கழிவை அடைத்து நானே மெத்தை தைத்தேன். பிடித்துக்கொள்ளப் பட்டைவார் இந்துமதி தைத்தாள். ஆமாம், உன் பெண்டாட்டியும் இதில் கூட்டு.

ரோசி வடநாட்டுக்காரி. "சலோ" என்றால் நடப்பாள், "ருக்கோ" என்றால் நிற்பாள். தமிழில் எவ்வளவு கெஞ்சினாலும் காது கேட்காதவள் மாதிரி நிற்பாள். அதனால் இந்தி டியூஷன் என்றது முழுப்பொய் இல்லை. முக்கால் பொய்.

நம் பையன் குரல் எப்படி இருக்கும்? வகுப்பில் ஆஜர் சொன்னால் டீச்சருக்கே கேட்காது. இப்போது அவன் "சலோ!" என்றால் தெருமுனை டீக்கடையில் திரும்பிப் பார்க்கிறார்கள்.

ஜூனில் ஐந்தாம் வகுப்பு. அது மாடியில். இருபத்திரண்டு படி, நான் எண்ணிவிட்டேன். எனக்கு இருக்கிற ஆசை ஒன்றே ஒன்று. அந்தப் படியை அவன் காலால் அவன் ஏற வேண்டும்.

திட்டுவதாக இருந்தால் எழுத்தில் திட்டு. படித்துப் பழகிக்கொள்கிறேன்.

அக்கா செல்லாத்தாள்

*

லூதியானா
25.2.2025

அக்காவுக்கு,

பார்சல் வந்தது. துணியின் சாயம் பற்றி ஆபீசுக்குத் தனியாக எழுதிவிட்டேன். இது உங்களுக்கு மட்டும்.

மூன்றரை மாதம் ஒவ்வொரு ஞாயிறும் "டியூஷன் எப்படிப் போச்சு?" என்று கேட்டேன். "டீச்சர் இன்னிக்குக் கொஞ்சம் சோம்பலா இருந்தாங்க" என்று ஒருமுறை சொன்னீர்கள். நான் அந்த டீச்சருக்காக வருத்தப்பட்டேன். நீங்கள் இரண்டு பேரும் போனை வைத்துவிட்டு எவ்வளவு நேரம் சிரித்திருப்பீர்கள் என்று இப்போது யோசிக்கிறேன்.

சிரிப்பு ஒருபக்கம் இருக்கட்டும். தரணியின் தாடையில் மூன்று தையல் இருக்கிறது. அவனுக்கு நாலு வயதாக இருந்தபோது, தேர் பார்க்கிறேன் என்று நீங்கள் கையை விட்ட ஒரு நிமிடத்தில் வந்தது அது. நான் மறக்கவில்லை. அன்றிலிருந்து அவனை நான் நடக்கவிட்டதில்லை என்று ஊரில் எல்லாரும் சொல்கிறார்கள். சொல்லட்டும். தூக்கிக்கொண்டு போன நாட்களில் அவன் விழவில்லை.

அவன் உங்கள் டேபிளுக்கு வரும் பீஸ் இல்லை, பிரித்துத் திருத்த ஆல்ட்டருக்கு அனுப்பிப் பார்ப்பதற்கு.

பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியையிடம் ஏற்கெனவே பேசிவிட்டேன். ஐந்தாம் வகுப்பு மாடியில் இருப்பதால், அவன் இன்னொரு வருடம் நான்காம் வகுப்பிலேயே கீழே இருக்கட்டும். ஒரு வருடத்தில் ஒன்றும் குடி முழுகிவிடாது.

குதிரையை நிறுத்திவிடுங்கள். இதைப் பற்றிப் போனில் பேச வேண்டாம், பேசினால் நான் மரியாதை தப்பிவிடுவேன். இந்துமதியிடமும் இதைப் பேசப்போவதில்லை.

கதிர்வேல்

*

வீரபாண்டி
9.3.2025, ஞாயிறு

தம்பி கதிர்வேலுவுக்கு,

நீ சொன்னபடி நிறுத்திவிட்டேன். இரண்டு ஞாயிறு ஆகிறது. நீ பிள்ளையைப் பெற்றவன், நான் தேர் பார்த்தவள். அந்த ஒரு நிமிடத்தை நீ மறக்கவில்லை என்றால் நானும் மறக்கவில்லை. அதற்குமேல் அதைப் பற்றி எழுத எனக்குத் தெரியாது.

ஆனால் நடப்பதைச் சொல்ல வேண்டும். இந்துமதியைக் கேட்டால், "உங்க ரெண்டு பேருக்கு நடுவுல என்னை இழுக்காதீங்க, நீங்களே எழுதிக்குங்க" என்கிறாள். ஆகவே நானே.

போன ஞாயிறு ஆறரை மணிக்குத் தரணி ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்தான். "இன்னிக்கு டீச்சர் லீவு கண்ணு" என்றேன். கழற்றவில்லை. இட்லியையும் ஹெல்மெட்டோடேயே சாப்பிட்டான். இன்றைக்கும் அப்படியே. மத்தியானம் குளிக்க அழைத்தபோதுதான் கழற்றினான், அதுவும் இந்துமதி ஒரு அதட்டு அதட்டின பிறகு. சாயங்காலம் என்னிடம் வந்து கேட்டான்.

"அத்தை, அஞ்சாவதுக்கு எல்லாரும் மேல போறாங்களாமா. நான் மட்டும் கீழயே குட்டிப் பசங்களோட ஒக்காரோணுமா?"

"யாரு கண்ணு சொன்னது?"

"மிஸ் சொன்னாங்க. அப்பா போன் பண்ணினாராமா." பிறகு, "குதிரைக்குப் பயப்படறது நானா, அப்பாவா?" என்றான்.

உன் கல்யாண ஆல்பத்தை எடுத்துவந்து அவன் கையில் கொடுத்தேன். குதிரைமேல் கண்ணை மூடிக்கொண்டு, பிடரி மயிரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஒரு மாப்பிள்ளை உட்கார்ந்திருக்கிறாரே, அந்தப் போட்டோ. மூன்று வீடு தாண்டுவதற்குள், "அக்கா, எறக்குங்க! நான் நடந்தே வந்து தாலி கட்டிக்கறேன்!" என்று கத்தினது யார்? போட்டோவில் சத்தம் வராதது உன் அதிர்ஷ்டம். பையன் பார்த்தான், பார்த்தான், பிறகு சிரித்தான் பார், பதினைந்து நாளில் முதல் சிரிப்பு.

சரி, கிண்டல் போதும். இந்தப் பார்சலில் சாம்பிள் துணிக்கு அடியில் ஒரு பொருள் வைத்திருக்கிறேன். தரணியின் பள்ளிக்கூட ஷூ, இடதுகால். நீ இருந்தவரைக்கும் வருடத்துக்கு ஐந்து ஜோடி வாங்குவாய், ஞாபகம் இருக்கிறதா? வீட்டுக்குள்ளும் வகுப்பிலும் இழுத்து இழுத்து நடப்பதிலேயே இரண்டு மாதத்தில் முன்பக்கம் ஓட்டை விழும், குதிகால் கடையில் வாங்கின மாதிரியே புதுசாக இருக்கும். தரையைத் தொட்டால்தானே தேயும். இது தீபாவளிக்கு எடுத்தது. திருப்பிப் பார்.

செக்கிங்கில் பழுது இருக்கும் இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவோம். இருபது வருடத்தில் லட்சக்கணக்கில் ஒட்டியிருப்பேன், எல்லாம் குறை காட்டுவதற்கு. இதில் ஒன்று ஒட்டியிருக்கிறேன். அம்பு காட்டும் இடத்தைத் தடவிப் பார்.

குதிகால் தேய்ந்திருக்கிறது, கதிர்வேலு.

நான் ஐந்தாவதோடு நின்றவள். அன்றைக்கு என்னைப் படி ஏறவிடாமல் தடுத்தது காலும் இல்லை, மாடியும் இல்லை. அதை விடு. இவன் ஐந்தாவதுக்குள் போகாமல் நிற்கக் கூடாது.

குதிரை வேண்டுமா வேண்டாமா என்று நீ சொல். இனிமேல் உனக்குத் தெரியாமல் ஒன்றும் இல்லை. சத்தியமாக.

அக்கா

*

லூதியானா
18.3.2025

அக்காவுக்கு,

ஷூ வந்தது. பார்சலைப் பிரித்தது இங்கத்து ஸ்டோர் கீப்பர். "சார், சாம்பிளில் ஒற்றை ஷூ இருக்கிறது, எந்த ஆர்டர்?" என்று கேட்டார். நான் வாங்கி மேஜை டிராயரில் வைத்துவிட்டேன். அன்று வேலை ஓடவில்லை. நாலைந்து தடவை எடுத்துத் தடவிப் பார்த்தேன். பிறகு ஸ்டோர் கீப்பரைக் கூப்பிட்டு, "இதப் பாருங்க, குதிகால் தேஞ்சிருக்கு" என்று தமிழிலேயே சொன்னேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் கை கொடுத்தார்.

நான் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். அவனை நான் தூக்கிக்கொண்டு நடந்தது அவன் விழுந்துவிடுவான் என்பதற்காக மட்டும் இல்லை. அவன் நடக்கும்போது தெருவில் ஆட்கள் நின்று பார்ப்பார்கள். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியாது. தோளில் இருந்தால் எல்லாப் பிள்ளைகளும் ஒன்றுபோலத்தான் இருப்பார்கள். அவன் பாரத்தை நான் சுமந்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். என் பாரத்தை அவன் சுமந்திருக்கிறான்.

குதிரை விஷயமும் உண்மைதான். இன்றைக்கும் குதிரையைக் கண்டால் தெருவின் அந்தப் பக்கம் போய்விடுவேன். ஆல்பத்தை அவனிடம் காட்டியிருக்க வேண்டியதில்லை.

விஜயராணிக்குப் போன் செய்து முக்கால் மணி நேரம் பேசினேன். எக்ஸ்ரே, எத்தனை நிமிடம், எந்தப் பக்கம் யார் எல்லாம் கேட்டுக்கொண்டேன். "குதிரை மாயம் பண்ணாதுங்க. அந்த இறுக்கம் முழுசா போயிடும்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா வீட்டுல செய்யற பயிற்சிக்கு அழுதுட்டிருந்த பையன், இப்ப ரோசி மேல ஏறணும்னே தினமும் ஒழுங்கா செய்யறான். பாதிப் பலன் அதுலதான் இருக்கு" என்றார். அவர் மிகைப்படுத்தாமல் சொன்னதால் நம்பினேன்.

தொடருங்கள். என் நிபந்தனைகள்: ஹெல்மெட் வாரை ஒவ்வொரு முறையும் இந்துமதி சரிபார்க்க வேண்டும். குதிரை ஓடக் கூடாது. பட்டாசுச் சத்தம் கேட்டால் உடனே இறக்க வேண்டும். இடதுபக்கம் நீங்கள் நிற்க வேண்டும். தேர் வந்தாலும் திரும்பிப் பார்க்கக் கூடாது.

தலைமை ஆசிரியையிடம் மறுபடியும் பேசினேன். பள்ளி திறக்கும் நாளில் அவனாகவே மாடி ஏறினால் ஐந்தாம் வகுப்பு, இல்லையென்றால் கீழே. அதற்குமேல் அவரால் முடியாதாம். ஒவ்வொரு நாளும் தூக்கிவிட ஆள் வைக்க முடியாது என்கிறார். அதுவும் நியாயம்தான்.

ஷூவைத் திருப்பி அனுப்பவில்லை. இங்கேயே இருக்கட்டும்.

கதிர்வேல்

*

வீரபாண்டி
27.4.2025, ஞாயிறு

என் தம்பிக்கு,

உன் நிபந்தனைகளைச் சகாயராஜிடம் படித்துக் காட்டினேன். கைகட்டிக் கேட்டுக்கொண்டார். "குதிரை ஓடக் கூடாதாம்" என்றேன். "யக்கா, இவ ஓடி நானே பாத்ததில்ல. ஊர்வலத்துல நடந்து நடந்து, அவசரம்னா என்னன்னே அவளுக்குத் தெரியாது" என்றார். நிஜம்தான். எங்கேயாவது கேமரா ஃபிளாஷ் அடித்தால் நின்று கழுத்தை நிமிர்த்திக்கொள்கிறாள். போட்டோ எடுத்து முடித்தால்தான் அடுத்த அடி. இந்த நிதானம்தான் நம் பையனுக்கு வேண்டும் என்கிறாள் விஜயராணி.

ரோசிக்குக் கெட்ட பழக்கம் ஒன்றே ஒன்று உண்டு. மேளச் சத்தம். அது எங்கே கேட்டாலும் அந்தப் பக்கம்தான் போவாள். போன வாரம் ஒரு மண்டபத்தில் மாப்பிள்ளையை இறக்கிவிட்டபிறகு, உள்ளே மேளம் கொட்டினதும் ஆறு படி ஏறிப் பந்தி வரைக்கும் போய்விட்டாளாம். பாத்திரம் இறக்குகிற சரிவு வழியாக வெளியே கூட்டிவந்தார்களாம். ரோசியை நாம் நடத்தும் தெருக்கோடித் தரிசுக்காட்டில் மேளம் இல்லை, நீ கவலைப்படாதே.

இப்போது தரணி முதுகு நிமிர்ந்து உட்காருகிறான். கையை விட்டுக்கொண்டு பந்தைப் பிடித்து எறிகிறான். ரோசிக்குப் பிடரி சீவுவதும் அவன்தான், அதற்காக ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு கால் மணி நேரம் நிற்கிறான். நிற்கிறோம் என்பதே அவனுக்கு ஞாபகம் இல்லை. முன்னே பிசியோ கட்டிலைப் பார்த்தாலே இந்தப் பிள்ளைக்கு வயிற்றுவலி வரும்!

படி விஷயம். நம் பக்கத்து மாடி வீட்டுப் படியில் தினமும் பழக்குகிறோம். ஒரு கை சுவர்க் கம்பியில், இன்னொரு கை சும்மா. பங்குனியில் மூன்று படி. போன வாரம் ஒன்பது.

சத்தியம் பண்ணியிருக்கிறேன், அதனால் இதையும் எழுதுகிறேன். செவ்வாய்க்கிழமை விழுந்துவிட்டான். குதிரையிலிருந்து இல்லை, படியிலிருந்து. ஏழாம் படியில் கால் பின்னிக்கொண்டது. நான் பக்கத்திலேயேதான் நின்றேன், கதிர்வேலு. வேறு பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கை எட்டுவதற்குள் விழுந்துவிட்டான். உதடு கிழிந்து ரத்தம். இந்துமதி ஓடிவந்து தூக்கிக்கொண்டாள். நான் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். தேர், தாடை, மூன்று தையல் எல்லாம் கண்முன்னே வந்துவிட்டது.

டாக்டர் தையல் வேண்டாம் என்றார். ஆனால் அன்றிலிருந்து பிள்ளை படிப்பக்கம் வரமாட்டேன் என்கிறான். ரோசிமேல் ஏறுகிறான், இறங்குகிறான், சிரிக்கிறான். படி என்றால், "நாளைக்கு அத்தை" என்கிறான். பள்ளிக்கூடம் திறக்க ஐந்து வாரம் இருக்கிறது.

நிறுத்து என்று நீ எழுதினால் எனக்குக் கோபம் வராது.

அக்கா

*

லூதியானா
8.5.2025

அக்காவுக்கு,

நிறுத்த வேண்டாம்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் முதலில் டிக்கெட் போடத்தான் போனேன். ஊருக்கு வந்து அவனைத் தூக்கிக்கொள்ள வேண்டும் என்று கை பரபரத்தது. பிறகு டிராயரைத் திறந்து அந்த ஷூவைப் பார்த்தேன். நான் வந்தால் தூக்கத்தான் செய்வேன். ஆகவே வரவில்லை.

நேற்று அவனிடம் வீடியோவில் பேசினேன். உங்களுக்குத் தெரியாது, நீங்கள் வேலையில் இருந்தீர்கள். "அப்பா கல்யாணத்துல குதிரை மேல இருந்து பாதியில எறங்கிட்டேன் சாமி. எறங்கினதுக்கப்புறம் இன்னிக்கு வரைக்கும் பயம் போகல. பாதியில எறங்கினா அப்படித்தான் ஆகுது" என்றேன். அவன் யோசித்துவிட்டு, "நீங்க மறுபடியும் ஏறிப் பாத்திருக்கோணுமுங்க அப்பா" என்றான். "நீயும்தான்" என்றேன். போனை இந்துமதியிடம் கொடுத்துவிட்டு எங்கேயோ போய்விட்டான். எங்கே போனான் என்று நீங்கள்தான் எழுத வேண்டும்.

ஒரே ஒரு வேண்டுகோள். இனி விழுந்தால் உடனே தூக்காதீர்கள். அவனாகவே எழுந்திருக்கப் பாருங்கள். கை நீட்டி வைத்திருங்கள், பிடிப்பதும் விடுவதும் அவன் இஷ்டம். இதை எழுதுவது நான்தானா என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது.

அப்புறம், ஏழாம் படியில் நடந்தது உங்கள் தப்பு இல்லை. தேரில் நடந்ததும்கூடத்தான். இதை ஐந்து வருடம் முன்னால் எழுதியிருக்க வேண்டும்.

பார்சலில் புது ஷூ இருக்கிறது. ஒரு அம்புக்குறி ஒட்டியிருக்கிறேன். குதிகாலில், கீழ்நோக்கி.

உங்கள் தம்பி
கதிர்வேல்

*

வீரபாண்டி
2.6.2025, திங்கள், மத்தியானம் மூன்று மணி
பள்ளிக்கூடத்து வராந்தாவிலிருந்து

என் தங்கத் தம்பிக்கு,

ஏறிவிட்டான்! முதலில் இதைப் பெரிதாக எழுதிவிடுகிறேன், மற்றதெல்லாம் பிறகு. இருபத்திரண்டு படி! அவன் காலால்! இந்துமதி காலையிலேயே உன்னிடம் அழுதுகொண்டே சொல்லியிருப்பாள், ஆனால் அவள் அழுததில் உனக்குப் பாதிதான் புரிந்திருக்கும். முழுக்கதை நான் எழுதுகிறேன்.

அன்றைக்கு வீடியோவில் பேசிவிட்டு எங்கே போனான் என்று கேட்டாயே. மாடிப்படிக்குப் போனான். நான் வேலையிலிருந்து திரும்பியபோது ஏழாம் படியில் உட்கார்ந்திருந்தான். "இங்கதான் அத்தை எறங்கினேன். இங்கிருந்தே ஏறறேன்" என்றான். நீ ஒற்றை ஷூவை வைத்துக்கொண்டு அங்கே அழுததைவிட அதிகமாக நான் இங்கே அழுதேன். நீ அழவில்லை என்று எழுதாதே.

இன்று காலை ரோசிமேல்தான் பள்ளிக்கூடம் போவேன் என்று பிடிவாதம். சகாயராஜ் அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்தார். ரோசிக்கு நெற்றியில் குஞ்சம், கழுத்தில் மல்லிகை மாலை. தரணிக்கு யூனிஃபாரம், ஹெல்மெட், நீ அனுப்பின ஷூ. இடதுபக்கம் நான், வலதுபக்கம் விஜயராணி, முன்னால் கயிற்றோடு சகாயராஜ், பின்னால் புத்தகப்பையோடு இந்துமதி. கம்பெனி வேன்கள் ஹாரன் அடிக்காமல் ஒதுங்கின. தெருவில் எல்லாரும் நின்று பார்த்தார்கள், கதிர்வேலு. நீ பயந்த அதே பார்வைதான். நம் பையன் ஒரு கையை விட்டு அவர்களுக்கு டாட்டா காட்டினான்.

கேட்டில் "ருக்கோ!" என்றான். நின்றாள். இறங்கினான். நேராகப் படிக்குப் போனான். ஹெல்மெட்டைக் கழற்றி என்னிடம் கொடுத்தான்.

ஒன்று முதல் ஐந்து வரை ஓட்டம் மாதிரி. ஏழாம் படி வந்ததும் நின்றான். அவன் ஏழாம் படியைக் குனிந்து பார்த்து, ஷூவால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு எட்டில் கால் வைத்தான். பதினொன்றில் திருப்பம், அங்கே கொஞ்சம் ஓய்வு. மாடி வராந்தாவில் அவன் கூட்டாளிகள் கம்பியில் தொங்கிக்கொண்டு நின்றார்கள். ஒருத்தன் "பன்னண்டு!" என்றான். அடுத்த படிக்கு இரண்டு மூன்று பேர். பிறகு மொத்த வகுப்பும். பதினாலில் ஆடினான். நான் கை நீட்டினேன், நீ எழுதினபடி, நீட்டி மட்டும் வைத்தேன். பார்த்தான். "வேண்டாமுங்க அத்தை" என்றான். பதினைந்து. பதினெட்டில் உதட்டைக் கடித்துக்கொண்டான், இருபதில் வேர்வை மூக்கிலிருந்து சொட்டியது. இருபத்தொன்று என்று பிள்ளைகள் கத்தினது உனக்கு லூதியானாவில் கேட்டிருக்க வேண்டும்.

இருபத்திரண்டில் இரண்டு குதிகாலையும் ஊன்றி நின்று திரும்பினான். "அத்தை, அப்பாகிட்டச் சொல்லிருங்க. யாரு கையும் புடிக்கல."

தலைமை ஆசிரியை மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "ஐந்தாம் வகுப்பு, பி பிரிவு" என்றார். விஜயராணி என் தோளில் சாய்ந்து அழுதாள். பயிற்சி இன்னும் வருடக்கணக்கில் இருக்கிறது என்று அழுகைக்கு நடுவிலும் ஞாபகப்படுத்தினாள். இருக்கட்டுமே. நமக்கென்ன வேறு வேலை?

நான் அந்த வகுப்பு வாசலில் நின்று உள்ளே பார்த்தேன். ஐந்தாவதோடு நின்றுபோனவள் இத்தனை வருடம் கழித்து ஐந்தாவதில் வந்து நிற்கிறேன். இரண்டாவது பெஞ்சில், ஜன்னல் ஓரம், நம் தரணி. எனக்கு இது போதும்.

மற்றபடி இங்கே எல்லாரும் நலம். ஒரு சின்ன விஷயம். தூறல் விழுந்ததால் பள்ளிக்கூடத்துப் பேண்டு செட்டுப் பிள்ளைகளை மைதானத்தில் நிறுத்தாமல் மாடி வராந்தாவில் நிறுத்தியிருந்தார்கள். தரணி ஏறி முடித்ததும் அவர்கள் சந்தோஷத்தில் டிரம் அடித்தார்கள். சகாயராஜ் கண்ணைத் துடைக்க இரண்டு கையையும் எடுத்தார். கயிறு கீழே விழுந்தது. ரோசி கேட்டிலிருந்து நேராக வந்து இருபத்திரண்டு படியும் ஏறினாள். திருப்பத்தில் நிற்கக்கூட இல்லை.

குதிரைக்கு ஏறத்தான் வருமாம், இறங்க வராதாம். இது சகாயராஜுக்கும் இன்றைக்குத்தான் தெரிந்தது. தரணி "சலோ" என்று சொல்லிப் பார்த்தான். கரும்பலகை வரைக்கும் வந்தாள். சரிவு போடப் பலகை கொண்டுவர ஆள் போயிருக்கிறது. ஐந்தாம் வகுப்பு பி பிரிவில் இப்போது தரணியும் ரோசியும் இருக்கிறார்கள். தரணி நாலு மணிக்கு இறங்கிவிடுவான்.

அக்கா செல்லாத்தாள்